இரவில படம் கீற எந்த லைற் வாங்கலாம்? விடியப் பாக்கக் கலர் ஏன் மாறிக் கிடக்குது?

தங்கச்சி, உங்கட கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதல்ல சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். ஒட்டுசுட்டான் பக்கம் வீடு, பகல் முழுக்க வேலை, இரவு ஏழரைக்குப் பிறகுதான் பிறஷ் தூக்க நேரம் கிடைக்குது. போனில இருக்கிற அம்மம்மாவின்ர படத்தைப் பாத்து அக்றிலிக்கில கீறுறீங்கள், இரவு பாக்கேக்க முகம் உயிரோட இருக்குது, விடிய எழும்பிப் பாத்தால் கன்னமெல்லாம் மிளகாய்த்தூள் அப்பின மாதிரிச் சிவந்து கிடக்குது. அறையில சீலிங்கில ஒரே ஒரு 9 வாற் வெள்ளை எல்ஈடி பல்ப். இப்ப 'டேலைற்' எண்டு போட்ட பல்ப் வாங்கவோ, மஞ்சள் பல்ப் போடவோ, இல்லாட்டி வீடியோவில சொன்ன மாதிரி வடக்குச் சுவரில யன்னல் வெட்டவோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

உங்கட கையில பிழை இல்லை. நான் கோயில் வாகனத்துக்குக் கலர் அடிக்கிறதும் கடைப் போட் எழுதுறதும் பின்நேரத்தில பிள்ளையளுக்குச் சித்திரம் சொல்லிக் குடுக்கிறதுமா கனகாலமா இதுக்குள்ள கிடக்கிறன், கீறுறவையில கனபேர் இதே கதையைத்தான் சொல்லுவினம், சொல்லிப்போட்டு தங்களுக்குக் கலர் கலக்கத் தெரியேல்ல எண்டு மனம் விட்டுப்போடுவினம். கலக்கினது சரியாத்தான் இருக்கும், கலக்கேக்க மேல எரிஞ்ச பல்ப்தான் பிழை.

உங்கட விசயத்தில என்ன நடக்குது எண்டு பாருங்கோ. பெயின்ற் தானா ஒளி விடாது, மேல விழுற வெளிச்சத்தில இருந்து தனக்குரிய பங்கைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். சிவப்புப் பெயின்ற் சிவப்பாத் தெரிய வேணுமெண்டால் பல்ப் வெளிச்சத்துக்குள்ள சிவப்பு இருக்க வேணும். கடையில சாதாரணமா விக்கிற வெள்ளை எல்ஈடிக்குள்ள அந்த ஆழமான சிவப்பு குறைவு. ஆனபடியால் கன்வஸில நீங்கள் வைச்ச சிவப்பு இரவில செத்துப்போன மாதிரித் தெரியும். ஆனால் போன் ஸ்கிரீன் அப்பிடி இல்லை, அது தன்ர வெளிச்சத்திலயே எரியுது, அறை பல்ப் எப்பிடி இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லை. ஸ்கிரீனில அம்மம்மாவின்ர கன்னம் நல்ல சிவப்போட நிக்குது, கன்வஸில மங்கிக் கிடக்குது, நீங்கள் ரெண்டையும் ஒண்டாக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு, இன்னும் கொஞ்சம் எண்டு போட்டுக்கொண்டே போறீங்கள். விடியச் சூரிய வெளிச்சம் வந்ததும் நீங்கள் போட்ட சிவப்பு முழுக்க எழும்பி நிக்குது. இதே படத்தை ஒரு ஸ்ரூடியோவில பிறின்ற் அடிச்சு, அந்தப் பிறின்றைக் கன்வஸுக்குப் பக்கத்தில குத்தி வைச்சுக் கீறியிருந்தால், பிறின்றும் அதே வெளிச்சத்தில மங்கியிருக்கும், நீங்கள் இவ்வளவு தூரம் ஏமாந்திருக்க மாட்டீங்கள். ஆனபடியால் லைற் வாங்க முதல் அந்தப் படத்தைப் பிறின்ற் அடியுங்கோ, மினுங்காத பேப்பரில கேளுங்கோ. போனிலதான் பாக்க வேணுமெண்டால் இரவில தானா மஞ்சளாகிற செற்றிங்கை எண்டாலும் நிப்பாட்டுங்கோ.

இப்ப பல்புக்கு வருவம். பெட்டியில ரெண்டு விதமான கணக்கு இருக்கு, சனம் ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறதுதான் முக்கால்வாசிப் பிரச்சினை. ஒண்டு கெல்வின். அது வெளிச்சம் மஞ்சளோ நீலமோ எண்டு சொல்லும். குப்பி விளக்குச் சுடர் 1900 பக்கம், பழைய குண்டு பல்ப் 2700, கடையில 'வோம் வைற்' எண்டு தாறது 2700, 3000, நடுத்தரம் 4000, 'கூல் டேலைற்' எண்டு போட்டது 6500. மற்றது சி.ஆர்.ஐ. அது அந்த வெளிச்சத்துக்குள்ள கலர்கள் எவ்வளவு நிறைவா இருக்குது எண்டு சொல்லுற புள்ளி, 100 தான் உச்சம். முதலாவது வெளிச்சத்தின்ர நிறம், ரெண்டாவது அந்த வெளிச்சத்தின்ர தரம். 6500 எண்டு போட்டிருந்தால் வெளிச்சம் வானம் மாதிரி வெள்ளையா இருக்கும் எண்டதுதான் அர்த்தம், கலரைச் சரியாக் காட்டும் எண்டு அதில எங்கயும் சொல்லேல்ல. உங்கட அறையில இப்ப எரியிறதே பெரும்பாலும் 6500 'டேலைற்' தான், பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கோ. இன்னொரு டேலைற் வாங்கிறதால ஒண்டும் மாறாது.

இது ரெண்டும் வேற வேற எண்டதுக்கு எங்கட சனத்துக்கு நல்லாத் தெரிஞ்ச சாட்சி ஒண்டு இருக்கு. தொண்ணூறுகளில வன்னியில கரண்ட் இல்லாத காலத்தில, மண்ணெண்ணெயும் கிடைக்காமல் ஜாம் போத்தலுக்குள்ள திரி போட்டு மிச்சம் பிடிச்சு எரிச்ச ஆக்கள் நாங்கள். அந்த விளக்கில படிச்ச ஆரையும் கேளுங்கோ, வெள்ளைக் கொப்பியும் மஞ்சள் பேப்பரும் ஒண்டு மாதிரி, நீலமும் கறுப்பும் ஒண்டு மாதிரி, ஆனால் அம்மாவின்ர முகமும் குங்குமப் பொட்டும் அவ்வளவு வடிவு. சுடருக்குள்ள சிவப்பு நிறைய, மஞ்சள் நிறைய, நீலம் நல்லாக் குறைவு, ஆனால் இடையில எந்தக் கலரும் அறுந்து போகேல்ல. சுடரும் குண்டு பல்பும் சூடான பொருள் ஒளி விடுற முறை, அதுக்குச் சி.ஆர்.ஐ. கணக்குப் பாத்தால் கிட்டத்தட்ட 100 வரும். மஞ்சள்தான், ஆனால் முழுசு. எல்ஈடி அப்பிடி இல்லை. அது உள்ளுக்கு ஒரு நீலச் சிப், அதுக்கு மேல மஞ்சள் பூச்சு. நீலத்தில கொஞ்சம் வெளிய வரும், மிச்சத்தைப் பூச்சு குடிச்சிட்டு மஞ்சளாத் துப்பும், ரெண்டும் சேரக் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்ஈடியைக் கண்டுபிடிச்சதுக்காகத்தான் 2014 இல ஜப்பானில பிறந்த அக்காசாக்கி, அமானோ, நாக்காமுரா எண்ட மூண்டு பேருக்கு பௌதிக நோபல் பரிசு குடுத்தவை, அது பெரிய விசயம், இண்டைக்கு சோலரில வீடு வீடா லைற் எரியிறது அவையாலதான். ஆனால் மலிவான பூச்சுப் போட்ட பல்பில நீலம் ஒரு கூர்க் குவியலா நிக்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில ஒரு பள்ளம், ஆழச் சிவப்பு வரேக்க ஒரேயடியா இறங்கிப்போகும். நல்ல பூச்சுப் போட்ட பல்பில சிவப்புக்கெண்டு தனியா இன்னொரு பூச்சும் சேத்திருப்பினம், அதாலதான் அது விலை கூட, அதே வாற்றுக்கு வெளிச்சமும் கொஞ்சம் குறைவா இருக்கும்.

சி.ஆர்.ஐ. யிலயும் ஒரு பொறி இருக்குது, இது கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும். அந்த ஒரு புள்ளி எட்டு மங்கலான கலரை வைச்சுப் போட்ட சராசரி. 1960களில வந்து 1974 இல திருத்தின கணக்கு அது, எல்ஈடி இப்பிடி வீடெல்லாம் வரும் எண்டு அப்ப ஆரும் நினைச்சிருக்க மாட்டினம். அந்த எட்டுக்குள்ள நல்ல அடர் சிவப்பு இல்லை. அடர் சிவப்பை ஒன்பதாவதா, ஆர்9 எண்டு தனியா வைச்சிருக்கினம், சராசரிக்குள்ள சேக்கிறேல்ல. ஆனபடியால் சி.ஆர்.ஐ. 80 எண்டு போட்ட பல்புக்கு ஆர்9 பத்தாவோ இருபதாவோ, சிலதுக்கு பூச்சியத்துக்குக் கீழயோ இருக்கலாம். முகம் கீறுற உங்களுக்கு அந்த ஆர்9 தான் உயிர். எங்கட மண்ணிறத் தோலுக்கும், செம்மண்ணுக்கும், குங்குமத்துக்கும், பட்டுச் சாறியின்ர அரக்குக்கும் அடியில ஓடுறது அந்தச் சிவப்புத்தான். 2015 இல டிஎம்-30 எண்டு 99 கலரை வைச்சுப் பாக்கிற புது முறை அமெரிக்காவில வந்திட்டுது, நல்ல முறை, ஆனால் அந்தப் புள்ளி கடையில பெட்டியில கிடைக்கிறது அருமை. நீங்கள் தேட வேண்டியது சி.ஆர்.ஐ. 95 க்கு மேல, ஆர்9 எண்டு தனியாப் போட்டிருந்தால் 80 க்கு மேல. 90 எண்டாலும் இப்ப இருக்கிறதிலும் பாக்க எவ்வளவோ திறம். பெட்டியில 'ஃபுல் ஸ்பெக்ட்றம்', 'நச்சுறல்' எண்டு எழுதியிருந்து நம்பர் ஒண்டும் போடாட்டி அதை நம்பி வாங்காதேங்கோ.

ரியூப் லைற் வாங்கப் போறீங்கள் எண்டால் இன்னொரு வழி. கனக்க ரியூப்பின்ர கண்ணாடி ஓரத்தில 865, 840, 965 எண்டு மூண்டு இலக்கம் அடிச்சிருக்கும். முதல் இலக்கம் சி.ஆர்.ஐ., 8 எண்டால் எண்பதுகள், 9 எண்டால் தொண்ணூறுகள். மற்ற ரெண்டும் கெல்வின், 65 எண்டால் 6500, 40 எண்டால் 4000. கடையில கிடக்கிறது பெரும்பாலும் 865 தான். 940, 950, 965 எண்டு ஏதும் கண்டால் விடாதேங்கோ. கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ இல்லாட்டில் யாழ்ப்பாணத்தில கமரா, வீடியோ சாமான் விக்கிற கடையளில கேளுங்கோ, படம் எடுக்கிறவைக்கு நல்ல சிவப்பு வேணும் எண்டபடியால் அவை வைச்சிருக்கிற எல்ஈடி பனல்களில சி.ஆர்.ஐ. 95 சாதாரணம். கலியாண வீட்டு வீடியோக்காரர் ஒருத்தரைத் தெரிஞ்சால் அவரிட்டக் கேட்டாலே காணும்.

எந்தக் கெல்வின்? உங்களுக்கு என்ர பதில் 4000 இல இருந்து 5000. அச்சடிக்கிற தொழிலில கலர் பாக்கிறதுக்கு உலகம் முழுக்க வைச்சிருக்கிற நியமம் 5000, துணி, சாயத் தொழிலில 6500, ஆக 'சரியான பகல் வெளிச்சம்' எண்டு ஒண்டே ஒண்டு இல்லை, தொழிலுக்குத் தொழில் பேசி வைச்ச கணக்கு. 3000 மஞ்சளில மட்டும் வைச்சுக் கீறினால், அது எவ்வளவு நல்ல பல்பா இருந்தாலும், வெள்ளையும் இளமஞ்சளும் பிரிச்சுத் தெரியாமல் மஞ்சளை அள்ளிப் போடுவீங்கள், நீலம் செத்துத் தெரியிறபடியால் நீலத்தையும் கூட்டுவீங்கள். விடிய அதுவும் ஒரு அதிர்ச்சிதான். நடுவில நிண்டால் ரெண்டு பக்கமும் பெரிசா விலகாது. 4000, 5000 கிடைக்கேல்லை எண்டால் நல்ல சி.ஆர்.ஐ. உள்ள 3000 ஒண்டும் 6500 ஒண்டும் ஒரே அளவு வெளிச்சத்தில வாங்கி, பக்கத்தில பக்கத்தில ஒட்ட வைச்சு எரியுங்கோ, கிட்டத்தட்ட 4000 மாதிரி வரும். ஒண்டை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைச்சிடாதேங்கோ, அப்ப கன்வஸில ஒரு பாதி மஞ்சள் ஒரு பாதி நீலம், கையின்ர நிழலும் ரெண்டு கலரில விழும். தரமில்லாத ரெண்டு பல்பைக் கலந்தாலும் நல்ல பல்ப் வராது.

இனி வெளிச்சத்தின்ர அளவு. பல்ப் மொத்தமா விடுற வெளிச்சத்தை லூமெனிலயும், ஒரு இடத்தில வந்து விழுற வெளிச்சத்தை லக்ஸிலயும் அளக்கிறவை. உங்கட 9 வாற் பல்ப் 800 லூமென் பக்கம் தரும், கேக்கப் பெரிசா இருக்கும், ஆனால் அது அறை முழுக்கப் பரவுது. சீலிங்கில இருந்து ரெண்டு மீற்றர் தள்ளி நிமித்தி வைச்ச கன்வஸில வந்து விழுறது 100 லக்ஸ் தாண்டாது. ஒரு கந்தோரில மேசைக்குத் தேவை எண்டு சொல்லுறது 500 லக்ஸ். வெளிச்சம் குறைஞ்சால் கண்ணுக்குக் கலர் பிரிக்கிற சக்தியே குறையும், அரக்கும் கறுப்பும் ஒண்டாகும், கடும் பச்சையும் கடும் நீலமும் ஒண்டாகும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்கு, இதை ஞாபகம் வைச்சிருந்தால் கனக்க பல்ப் வாங்கத் தேவையில்லை, இருக்கிறதைக் கிட்டக் கொண்டு வரலாம். நாலு அடி எல்ஈடி ரியூப் ரெண்டு, கன்வஸில இருந்து ஒரு மீற்றர் அளவில, மேல முன்பக்கமா வைச்சால் 500 லக்ஸ் பக்கம் வந்திடும். அது காணும். இன்னும் கூட்டி 2000, 3000 எண்டு போகாதேங்கோ. கடும் வெளிச்சத்தில கீறினால் உங்களை அறியாமல் எல்லாத்தையும் இருட்டாக் கீறிப்போடுவீங்கள், பேந்து ஹோலில கொழுவினால் படம் ஒரே கருமை. நூதனசாலையளில ஒயில் பெயின்றிங்குக்கு 200 லக்ஸ், வாட்டர் கலருக்கு 50 லக்ஸ் எண்டுதான் வழமையா வைக்கிறவை, அது கலர் மங்காமல் காக்கிறதுக்காக, ஆனால் படம் கடைசியில எவ்வளவு குறைஞ்ச வெளிச்சத்தில இருக்கப்போகுது எண்டதுக்கு அது நல்ல ஒரு கணக்கு.

வைக்கிற இடம்: நீங்கள் வலக்கையால கீறுறனீங்கள் எண்டால் லைற் இடப்பக்கம் மேல, கன்வஸுக்கு 45 பாகை சரிவா. ஈரப் பெயின்றில லைற்றின்ர மினுக்கம் கண்ணுக்கு அடிச்சால் லைற்றை இன்னும் மேல தூக்குங்கோ, இல்லாட்டிக் கன்வஸின்ர தலையைக் கொஞ்சம் முன்னுக்குச் சரியுங்கோ. எல்லாத்தையும் விட முக்கியம், பலெற்றிலயும் கன்வஸிலயும் ஒரே லைற் ஒரே அளவில விழ வேணும். கனபேர் கன்வஸுக்கு நல்ல லைற் போட்டிட்டு, பலெற்றை மடியில நிழலுக்குள்ள வைச்சுக் கலக்குவினம், கலந்தது கன்வஸுக்குப் போனதும் வேற கலர். லைற் எரிஞ்சதும் உடன கலர் கலக்காதேங்கோ, ஒரு பத்து நிமிசம் பென்சில் வேலை பாருங்கோ, கண்ணுக்கு அந்த வெளிச்சத்தில பழக நேரம் வேணும். லைற் துடிக்கிற பல்பா எண்டு பாக்க போன் கமராவைப் பிடியுங்கோ, ஸ்கிரீனில கறுப்புக் கறுப்பாக் கோடு ஓடினால் அதை வேண்டாம் எண்டு விடுங்கோ, கண் கெதியா அலுத்துப்போகும்.

உங்கட அறைச் சுவர் இளம்பச்சை எண்டு எழுதியிருந்தீங்கள். எங்கட ஆக்கள் வீடு கட்டினதும் பச்சை, றோஸ், ஒறேஞ் எண்டு அடிக்கிற பழக்கம், நல்ல வடிவுதான், ஆனால் கலர் வேலைக்கு அது எதிரி. பச்சைச் சுவரில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பச்சை, அது கன்வஸில விழுந்து தோலின்ர சிவப்பை இன்னும் அமத்தும், உங்களை இன்னும் சிவப்புப் போட வைக்கும். சுவருக்குத் திரும்பப் பெயின்ற் அடிக்கச் சொல்லேல்ல. கன்வஸுக்குப் பின்னாலயும் நீங்கள் நிக்கிற இடத்துக்குப் பின்னாலயும் ஒரு வெள்ளை பெட்சீற் தொங்க விட்டால் காணும், சாம்பல் கலர் கிடைச்சால் இன்னும் நல்லம். சிவப்புச் சீமெந்து நிலம் எண்டால் காலடியில பழைய சாக்கு விரியுங்கோ. கடும் மஞ்சள், கடும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கன்வஸுக்குக் கிட்ட நிண்டு கீறாதேங்கோ, சட்டையின்ர கலரும் தெறிக்கும்.

வடக்கு யன்னல் கதை. அது ஐரோப்பாக்காரர் எழுதி வைச்சது, அவைக்கு அது சரி, அங்க சூரியன் மத்தியானத்தில எப்பவும் தெற்கிலதான், வடக்கு யன்னலால நேர வெயில் வராமல் ஒரே மாதிரி வான வெளிச்சம் வரும். நாங்கள் இருக்கிறது 9 பாகை வட அகலாங்கில. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி மத்தியானம் முத்தத்தில ஒரு தடியை நட்டுப் பாருங்கோ, நிழலே இருக்காது, சூரியன் நேர உச்சியில. அதுக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி மட்டும் சூரியன் மத்தியானத்தில எங்களுக்கு வடக்காலதான் போகும். தாழ்வாரம் நீட்டா இருந்தால் உச்சி வெயில் உள்ளுக்கு வராது, ஆனால் விடியவும் பின்நேரமும் சரிஞ்ச வெயில் வடக்கு யன்னலால கோடு கோடா உள்ளுக்கு வரும், அதோட வடக்கு வளவுச் செம்மண்ணில வெயில் பட்டு அறை முழுக்கச் செம்மஞ்சளாத் தெறிக்கும். யன்னலுக்கு முன்னால வேம்போ மாவோ நிண்டால் பச்சை வெளிச்சம். ஐப்பசியில இருந்து மாசி மட்டும் வடக்கு யன்னல் நல்ல யன்னல், மாரி மப்பு நாளில அருமையான வெளிச்சம். ஆனால் நீங்கள் கீறுறது இரவு எட்டு மணிக்கு, சுவர் வெட்டுற காசில நல்ல ரியூப் கனக்க வாங்கலாம்.

அடுத்தது கலர் சேக்கிறது. படம் கீறுறதை விட இது இன்னும் நுணுக்கம், இதில எனக்கே நல்லா அடி விழுந்தது. ஒரு கோயிலில மயில் வாகனத்தின்ர கழுத்தில பெயின்ற் உரிஞ்சு போச்சு, கொடியேற்றத்துக்கு முதல் சரிப்பண்ணித் தரச் சொன்னவை. பகல் வேற வேலை, இரவில வாகனசாலையில ரியூப் லைற் வெளிச்சத்தில நிண்டு பழைய நீலத்துக்குப் புது நீலம் கலந்து அடிச்சன், எங்க பழசு முடியுது எங்க புதுசு தொடங்குது எண்டு என்னாலயே கண்டுபிடிக்க ஏலாது, அப்பிடிச் சேந்தது. திருவிழா அண்டு பகல் வாகனம் வெளிய வந்து வெயிலில நிக்கேக்க கழுத்தில ஒட்டுப் போட்ட மாதிரி என்ர துண்டு தனியத் தெரிஞ்சுது. சாமிக்கு முன்னால அதைப் பாத்துக்கொண்டு நிண்ட வேதனை இண்டைக்கும் போகேல்ல. என்ன நடந்தது எண்டால், பழைய வேலைக்காரர் போட்டது அல்றாமறின் நீலம், நான் கலந்தது தலோ நீலத்துக்குள்ள துளி சிவப்பும் வெள்ளையும். கண்ணுக்கு ஒரே கலர், ஆனால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற விதம் வேற. அந்தப் பழைய ரக, எல்ஈடி இல்லாத ரியூப் லைற்றுக்குள்ள கலர்கள் கூர்க் கூரா நாலைஞ்சு இடத்திலதான் நிக்குது, அந்த இடங்களில ரெண்டு பெயின்றும் ஒத்துப் போச்சு. வெயிலுக்குள்ள எல்லாக் கலரும் இருக்கு, அது மற்ற இடங்களில இருந்த வித்தியாசத்தையும் காட்டிக் குடுத்திட்டுது. பேந்து சுரண்டி எடுத்துப்போட்டு அல்றாமறின் போட்டு அடிச்சன், பகலிலயும் சரி, இரவுத் திருவிழா போக்கஸ் லைற்றிலயும் சரி, ஒரே கழுத்து.

அதில இருந்து நான் மாத்தாத முறை இதுதான். சேக்க வேண்டிய இடத்தில முதல் போட்ட பெயின்றுக்குள்ள என்ன நிறமி எண்டு கண்டுபிடிச்சு அதையே போடுறது. ஓவியப் பெயின்ற் ரியூப்பில நிறமிக்கு ஒரு குறி இருக்கும், அல்றாமறினுக்கு பிபி29, தலோ நீலத்துக்கு பிபி15. ரெண்டு கொம்பனியின்ர பேர் வேற வேறயா இருந்தாலும் குறி ஒண்டெண்டால் பெரும்பாலும் சேரும். போட் பெயின்ற், சுவர்ப் பெயின்றில அந்தக் குறி கிடைக்காது, அப்ப ஒரு மட்டையில அடிச்சுக் காய விட்டு, பகல் நிழலில ஒருக்கா, ரியூப் லைற்றில ஒருக்கா, மஞ்சள் பல்பில ஒருக்கா எண்டு மூண்டிலயும் வைச்சுப் பாக்கிறது. காய விட்டுத்தான் பாக்க வேணும், அக்றிலிக்கும் சுவர் இமல்சனும் காயேக்க ஒரு படி கருக்கும். பட்டுச் சாறிக்கு பிளவுஸ் துணி எடுக்கேக்க அம்மாமார் துணியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வாறது இதே காரணம்தான், ஆனால் சாறியை இரவு மண்டப லைற்றிலதான் கட்டப் போறியள் எண்டால் வாசலில பாத்தது மட்டும் காணாது, உள்ள மஞ்சள் லைற்றிலயும் ஒருக்காப் பாருங்கோ.

கடையில பல்ப் எடுக்கேக்க நீங்களே சோதிக்கலாம். எங்கட கடையளில பல்பை ஹோல்டரில போட்டு எரியுதோ எண்டு காட்டித்தானே தருவினம், அந்த நேரம் உள்ளங்கையை அதுக்குக் கீழ பிடியுங்கோ. நல்ல பல்பில கைக்குள்ள ரத்தம் ஓடுறது தெரியும், கூடாத பல்பில கை சாம்பல் பாஞ்ச மாதிரி இருக்கும். வீட்டில எண்டால் ஒரு வெள்ளைக் கோப்பையில குங்குமம், மஞ்சள், விபூதி மூண்டும் ஒவ்வொரு சிட்டிகை பக்கத்தில பக்கத்தில வைச்சு லைற்றுக்குக் கீழ பாருங்கோ. குங்குமம் மண்ணிறமாச் சோர்ந்தால் சிவப்பு இல்லாத லைற். விபூதியின்ர சாம்பல் வெள்ளை மஞ்சள் பக்கம் சாஞ்சால் கெல்வின் குறைவு. இன்னும் நுட்பமாப் பாக்க ஒரு மட்டையில ரெண்டு சாம்பல் கலக்குங்கோ, ஒண்டு கறுப்பும் வெள்ளையும், மற்றது அல்றாமறினும் பேர்ன்ற் சியெனா எண்ட செம்பழுப்பும் வெள்ளையும். பகல் நிழலில ரெண்டும் ஒண்டாத் தெரியும் மட்டும் திருத்தி, காய்ஞ்சதும் அந்த மட்டையை பையுக்குள்ள வைச்சுக்கொள்ளுங்கோ. 5000, 6500 எண்டு போட்ட பல்புக்குக் கீழ அதைப் பிடிக்க ஒண்டு றோஸாவோ பச்சையாவோ பிரிஞ்சு போனால், அந்தப் பல்ப் பகல் வெளிச்சம் மாதிரி நடிக்குது, உள்ளுக்கு இல்லை. மஞ்சள் பல்பில கொஞ்சம் பிரிஞ்சால் அது குறை இல்லை, அது வேற வெளிச்சம்.

கரண்ட் போற நாளைக்கும் ஒரு யோசினை. 2022 இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில நான் 12 வோல்ற் பற்றரியில ஓடுற நல்ல சி.ஆர்.ஐ. எல்ஈடி ஸ்றிப்பை ஒரு அலுமினியச் சட்டத்தில ஒட்டி, முன்னால ரேசிங் பேப்பர் கட்டி வைச்சிருந்தன், அது இப்பவும் வேலை செய்யுது, திருவிழாவுக்கு வெளி இடம் போகேக்க தூக்கிக்கொண்டு போறதும் அதைத்தான். எமர்ஜென்சி பல்பில கலர் வேலை செய்யாதேங்கோ, அந்த நேரம் உருவரை, நிழல் வெளிச்சம் பிரிக்கிற வேலையளை வைச்சுக்கொள்ளலாம்.

இப்ப அம்மம்மாவின்ர படம். அழிக்க வேண்டாம், வெள்ளை அடிச்சு மூட வேண்டாம். சனிக்கிழமை ஒன்பது ஒன்பதரைக்கு விறாந்தையில வெயில் படாத இடத்தில, கன்வஸின்ர முகம் செம்மண் முத்தத்தைப் பாக்காமல் ஒரு பக்கமாத் திருப்பி வையுங்கோ, பிறின்றைப் பக்கத்தில குத்துங்கோ. மஞ்சள் ஓக்கர் எண்ட மண் மஞ்சளும் துளி அல்றாமறினும் சேத்தால் ஒரு மங்கல் பச்சை வரும், அதைக் கனக்க மீடியம் (அக்றிலிக்கை மெல்லிசாக்க விடுற கலரில்லாத திரவம்) விட்டுத் தண்ணி மாதிரிக் கரைச்சு, சிவந்த கன்னத்துக்கு மேல ஒரு மெல்லிய பூச்சுப் பூசுங்கோ. காய விட்டுப் பாருங்கோ, காணாட்டி இன்னொண்டு. ரெண்டு மூண்டு பூச்சில சிவப்பு அடங்கித் தோலுக்குள்ள போயிடும், வெளியால நிக்காது. இனி அதை ஹோலில கொழுவிப் பாக்கேக்க, அங்க எரியிற பல்பும் உங்கட அறையில இருக்கிற மாதிரி 9 வாற் வெள்ளைதான் எண்டால், அம்மம்மா திரும்ப வெளிறித் தெரிவா. அப்ப படத்தில கை வைக்காதேங்கோ, புது ரியூப் வாங்கினதும் அதே தரத்தில ஒரு பல்ப் கூட வாங்கி அவவுக்கு மேல போட்டு விடுங்கோ.